எக்குவியானோவின் நூற்பயணமும் மூன்றாம் பக்கச் செய்தியும்

1792 பெப்ரவரி 27ஆம் திகதி இலண்டனிலிருந்து ஒருவர், நொட்டிங்ஹாம் நகரில் வாழ்ந்த தம் நண்பரான மதகுருவுக்குக் கடிதம் எழுதினார். அயர்லாந்தில் எட்டரை மாதங்கள் தங்கித் தமது நூலின் 1900 பிரதிகளை விற்றுவிட்டுத் திரும்பியிருப்பதாக அதில் சொல்கிறார். விரைவில் திருமணம் செய்யவிருப்பதாகவும், மனைவியுடன் எட்டுப் பத்து நாட்கள் இருந்துவிட்டு ஐந்தாம் பதிப்பை விற்க நேரே ஸ்கொட்லாந்துக்குப் புறப்படப் போவதாகவும் தொடர்கிறார். தேனிலவுக்கு அந்த நூலாசிரியர் ஒதுக்கிய காலம் அவ்வளவுதான்.

அவர் பெயர் ஒலாடா எக்குவியானோ. அக்காலத்தவர் அவரைக் குஸ்ரேவஸ் வாசா என்றே அறிந்திருந்தனர். அது, அவரைச் சிறுவயதில் அடிமையாக வாங்கிய கடற்படை அதிகாரி சூட்டிய பெயர். கரீபியன் கடலிலுள்ள மொன்செராட் தீவில், சிறு வியாபாரம் செய்து சேர்த்த பணத்தில் 40 பவுண் கொடுத்து, 1766இல் தமது விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கினார். 1789இல் தம் வாழ்க்கை வரலாற்றை இலண்டனில் வெளியிட்டார். அடிமை வணிகத்தை நிறுத்துவதா என்ற விவாதம் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த ஆண்டு அது.

முன்கூட்டியே பணம் செலுத்திப் பெயர் பதிந்த 311 பேரின் துணையுடன் முதற்பதிப்பு அச்சேறியது. வேல்ஸ் இளவரசரும் அப்பட்டியலில் இருந்தார். பதிப்புரிமையை எக்குவியானோ எவருக்கும் விற்கவில்லை. ஆகவே விற்பனைப் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. நம் நாட்டில் நூலாசிரியர்கள் பையில் பிரதிகளைச் சுமந்து நண்பர் வீடுகளின் படியேறுவதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பேர்மிங்ஹாம், மன்செஸ்ரர், ஷெஃபீல்ட், டப்ளின், பெல்ஃபாஸ்ற் என்று அவருடைய பயணம் நீண்டது. ஒரு நகரத்துப் பிரமுகரிடம் அறிமுகக் கடிதம் பெற்று அடுத்த நகருக்குச் செல்வார். அடிமை வணிகத்தை எதிர்ப்போர் இடம் கொடுப்பர். உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வரும். புறப்படும்போது அதே பத்திரிகையில் நன்றி அறிவித்தலும் வருவதுண்டு. பெல்ஃபாஸ்றில் அவருக்கு இடமளித்தவர் சாமுவேல் நீல்சன் என்ற பத்திரிகையாளர். ஐக்கிய அயர்லாந்தர் சங்கத்தின் நிறுவுநர்களுள் ஒருவர். நியூகாசிலில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் 90 பாகம் ஆழம் இறங்கி, ரைன் ஆற்றின் அடியால் நடந்து பார்த்தார். விற்பனைக்கும் சுரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அவர் இயல்பிலேயே ஊர் பார்க்கும் ஆசை மிகுந்தவர்.

1792 ஏப்ரல் 2ஆம் திகதி, அடிமை வணிகத்தைப் படிப்படியாக நிறுத்தலாம் என்ற திருத்தத்துடன் பொதுமக்கள் சபை தீர்மானம் நிறைவேற்றியது. 7ஆம் திகதி சோஹம் என்ற ஊரில் எக்குவியானோ, சுசானா கலன் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். பின்னர், எழுதியபடியே ஸ்கொட்லாந்துக்குச் சென்றார். 25ஆம் திகதி இலண்டனின் 'ஒரக்கிள்' பத்திரிகையில், மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில், ஒரு சிறு செய்தி வெளிவந்தது. அவர் ஆபிரிக்காவில் பிறந்தவரே அல்லர், டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த சாந்தா குரூஸ் தீவில் பிறந்து வளர்ந்தவர் என்றது அது. இரண்டு நாள் கழித்து 'ஸ்ரார்' பத்திரிகையும் அதை வெளியிட்டது.

அந்தச் சிறு செய்தியின் விளைவு சிறியதல்ல. கடத்தப்பட்ட ஆபிரிக்கச் சிறுவனாக அடிமைக் கப்பலின் அடித்தளத்தில் தாம் கண்டதை எழுதியதுதான் நூலின் உயிர். பிறப்பிடம் பொய்யென்றால் சாட்சியமும் பொய்யாகிவிடும்.

கிளாஸ்கோவிலிருந்த நண்பர் ஒருவர் 'ஸ்ரார்' ஆசிரியரிடம் விளக்கம் கேட்டார். மே 5ஆம் திகதி எழுதப்பட்ட பதில், பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்கள் படிக்கவேண்டிய ஆவணம். செய்தியை 'ஒரக்கிள்' பத்திரிகையிலிருந்து எடுத்ததாகவும், தவறென்றால் அது தங்களிடம் தொடங்கியதல்ல என்றும், அந்த மனிதரைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்றும் ஆசிரியர் எழுதினார். அடிமை வணிகத்துக்கு எதிரான சாட்சியங்களைப் பலவீனப்படுத்த அவ்வணிகத்தின் ஆதரவாளர்கள் புனைந்த செய்தியாக இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். வெளியிடும் முன் எழவேண்டிய சந்தேகம் வெளியிட்ட பின் எழுந்திருக்கிறது. "எங்களிடம் தொடங்கியதல்ல" என்ற சமாதானத்தை எனது செய்தியறை வாழ்க்கையில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஓரிரு தடவை நானே சொல்லியுமிருக்கிறேன்.

எக்குவியானோ அந்தக் கடிதத்தை ஐந்தாம் பதிப்பின் முன்பகுதியிலேயே அச்சிட்டார். இங்கிலாந்துக்குத் தாம் வந்த புதிதில், ஆபிரிக்க மொழியன்றி வேறெதுவும் பேசத் தெரியாதிருந்த காலத்தில், தம்மை அறிந்திருந்தவர்களின் பெயர்களையும் தந்தார். அதன் பின் ஒவ்வொரு பதிப்பிலும் நற்சான்றுக் கடிதங்கள் பெருகின. தம் கதையைச் சொல்லும் முன் தாம் யார் என்பதை அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது.

விவகாரம் அத்துடன் முடியவில்லை. வின்சன்ற் கரெற்றா என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு பதிவுகளை 1999இல் வெளிப்படுத்தினார். 1759ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவும், 1773ஆம் ஆண்டு வடதுருவப் பயணக் கப்பலின் பணியாளர் பதிவும் அவருடைய பிறப்பிடம் கரோலைனா என்கின்றன. ஞானஸ்நானத்தின்போது சிறுவனுக்காக வேறொருவர் சொல்லியிருக்கலாம். 1773இல் அவர் வளர்ந்த மனிதர்; அந்தப் பதிவை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. ஆய்வாளர்கள் இரு பக்கமும் நின்று வாதிட்டிருக்கின்றனர். ஆனால் சாந்தா குரூஸ் வேறு, கரோலைனா வேறு. இந்தப் பதிவுகள் 'ஒரக்கிள்' வெளியிட்ட செய்திக்குப் பின்னாளில் கிடைத்த ஆதாரம் ஆகமாட்டா.

பயணம் தொடர்ந்தது. 1793இல் பிரிஸ்டலுக்குச் செல்ல எண்ணியபோது, அங்கே கடற்படைக்கு ஆள்பிடிப்போரிடம் அகப்பட்டால் உதவுமாறு மட்பாண்ட உற்பத்தியாளர் வெட்ஜ்வூட்டுக்கு எழுதினார். பிரிஸ்டல் அடிமைக் கப்பல்களின் துறைமுகம். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1794இல் அவருடைய நண்பரும், இலண்டன் தொடர்பாடற் சங்கத்தை நிறுவியவருமான தோமஸ் ஹார்டி அரச துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். கைப்பற்றப்பட்ட ஆவணங்களுள் எக்குவியானோவின் கடிதமும் இருந்தது. ஒன்பதாம் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவர் வாழ்நாளில் அதுவே கடைசிப் பதிப்பு.

1796 பெப்ரவரியில் சுசானா இறந்தார். 1797 மார்ச் 31ஆம் திகதி எக்குவியானோவும், அதே ஆண்டு ஜூலையில் மூத்த மகளும் இறந்தனர். அடிமை வணிகத்தைத் தடைசெய்த சட்டம் வந்தது 1807இல். இளைய மகள் ஜொஆனா 21 வயதை அடைந்த 1816ஆம் ஆண்டில், தந்தை விட்டுச்சென்ற 950 பவுண் அவருடைய கைக்கு வந்தது.