கைக்கு வந்ததும் வீட்டின்மேல் ஏறியதும்: திருச்சி, ஸ்ரீரங்கத்தை முன்வைத்து ஒரு நலக்கணக்கு

2021 மார்ச் 7 அன்று திருச்சியை அடுத்த சிறுகனூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் மு.க. ஸ்டாலின் ஏழு உறுதிமொழிகளை அறிவித்தார். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற வாக்குறுதியும் அந்த மேடையில்தான் பிறந்தது. மே 7-இல் ஆட்சி மாறி, திமுகவின் ஸ்டாலின் முதலமைச்சரானார். மகளிர் உரிமைத்தொகை என்ற பெயரில் அந்தப் பணம் வங்கிக் கணக்குகளில் விழத் தொடங்கியதோ 2023 செப்டம்பர் 15-இல். மேடையில் இல்லாத நிபந்தனைகள் இடையில் சேர்ந்துகொண்டன. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. நன்செய் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் பத்து ஏக்கருக்கும் மேற்படக்கூடாது. ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகள் உள்ள மாநிலத்தில் முதற்கட்டமாகப் பயன்பெற்றோர் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்கள்.

இந்த ஆட்சிக்காலத்தில் சாமானியர் முன்னைவிட நலமாக வாழ்ந்தாரா என்ற கேள்விக்கு வழக்கமாக மாநிலச் சராசரிகளைக் காட்டி விடை சொல்கிறார்கள். வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் ஊர்ப்புறத்தில் தலைக்கு மாதச் செலவு 2022-23-இல் 5,310 ரூபாய், 2023-24-இல் 5,701. நகர்ப்புறத்தில் 7,630 என்பது 8,165 ஆனது. அகில இந்தியச் சராசரியைவிட இவை உயர்ந்தவைதான். ஆனால் செலவு கூடியதில் வசதி எவ்வளவு, விலைவாசி எவ்வளவு என்பதை ரூபாய்க் கணக்கு மட்டும் சொல்லாது. இன்னொரு எண்ணும் அடிக்கடி மேற்கோளாகிறது: நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாடு 4.76 விழுக்காட்டிலிருந்து 2.20 விழுக்காட்டுக்கு இறங்கியது. இதன் அடிப்படை 2015-16, 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள். அந்த இறக்கத்தின் பெரும்பகுதி முந்தைய ஆட்சியின் காலத்தில் நிகழ்ந்தது. அதற்கும் அடித்தளமாக இருந்தவை பல பத்தாண்டுகளின் சத்துணவும் ரேஷனும் ஆரம்ப சுகாதார நிலையங்களும். ஒரே ஆட்சியின் தலையில் இந்தக் கிரீடத்தைச் சூட்ட எந்தக் கட்சிக்கும் உரிமையில்லை.

என் வாதம் வேறு. இந்த ஆண்டுகளில் அரசு கொடுத்தது ஆளுக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு. அரசு கூட்டியது வீட்டுக்கு. கொடுத்ததும் கூட்டியதும் தனித்தனி ஏடுகளில் கிடப்பதால் ஆளுங்கட்சி ஒன்றையும் எதிர்க்கட்சி மற்றதையும் வாசிக்கின்றன. இரண்டையும் ஒரே குடும்பத்தின் கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெளியும்.

முதலில் பேருந்து. பதவியேற்ற அன்றே கையெழுத்தான ஆணைகளில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் ஒன்று. பெண்கள் இதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார்கள் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கையில் இது உரிமைத்தொகைக்கு ஏறத்தாழ இணையான இன்னொரு தொகை. ஆனால் திருச்சியின் நிலைமை சற்று வேறு. இங்கே நகரத் தடங்களில் தனியார் பேருந்துகள் ஏராளம். அவற்றில் சலுகை கிடையாது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பேருந்து நிலையத்துக்கோ, மெயின்கார்டு கேட்டுக்கோ, ஜங்ஷனுக்கோ காலையில் போகிறவர்களைக் கவனித்தால் இது புரியும். தனியார் வண்டி வந்து நிற்கும். ஆண்களும் மாணவர்களும் ஏறிக்கொள்வார்கள். கூடையோடும் தூக்குவாளியோடும் நிற்கும் பெண்கள் நகரமாட்டார்கள். அரசுப் பேருந்து வந்தபின் முண்டியடித்து ஏறுவார்கள். அவர்கள் மிச்சம்பிடிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காத்திருப்பு என்றொரு விலை இருக்கிறது. வேலைக்குப் பிந்திப் போனால் வீட்டுக்காரம்மாவின் ஏச்சையும் கேட்க வேண்டும். எந்தத் தடத்தில், எந்த மணிக்கு எத்தனை அரசுப் பேருந்துகள் ஓடுகின்றன என்பதைச் சேர்க்காமல் பயணங்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் அறிவிப்பது முழுக்கணக்கு ஆகாது. இவ்வளவுக்குப் பிறகும் இத்திட்டம் நன்மை செய்தது என்பதே என் முடிவு. கணவனிடமோ மகனிடமோ பேருந்துக் காசு கேட்க வேண்டிய நிலையிலிருந்து பெண்ணை விடுவித்த திட்டம் இது. அந்த விடுதலைக்கு நான் எந்த நிபந்தனையும் போட மாட்டேன்.

காலை உணவுத் திட்டத்தையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இது விரிந்தது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாயின் பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரவில்லை. இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி வீட்டின்மேல் ஏறியது. 2022 செப்டம்பர் 10-இல் மின்கட்டணம் உயர்ந்தது. இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தொடர்ந்தது. அதற்கு மேல், இரு மாதத்தில் 200 யூனிட் பயன்படுத்துவோருக்கு மாதம் 27.50 ரூபாய், 300 யூனிட்டுக்கு 72.50, 400 யூனிட்டுக்கு 147.50, 500 யூனிட்டுக்கு 297.50 கூடுதல் என்று அரசே கணக்குச் சொன்னது. உரிமைத்தொகைக்கான வரம்பு ஆண்டுக்கு 3,600 யூனிட், அதாவது இரு மாதத்துக்கு 600. ஆகவே 500 யூனிட் செலவழிக்கும் குடும்பத்தின் தலைவி 1,000 ரூபாயும் பெறுவார். அதில் ஏறத்தாழ 300 ரூபாயை மின்வாரியத்துக்குத் திருப்பியும் தருவார். 2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் 4.83 விழுக்காடு உயர்ந்தது. மாதந்தோறும் மின்கணக்கெடுப்பு என்ற தேர்தல் வாக்குறுதி நிறைவேறியிருந்தால் அடுக்குக் கட்டணத்தின் சுமை குறைந்திருக்கும். அது 2025-லும் நடைமுறைக்கு வரவில்லை. சமையல் எரிவாயு உருளைக்கு 100 ரூபாய் மானியம் என்றதும் அப்படியே. (உருளையின் விலையை ஏற்றி இறக்குவது ஒன்றிய அரசு. 2023 தொடக்கத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்த விலை அவ்வாண்டு ஆகஸ்டில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்து, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது. தில்லியிடமும் சென்னையிடமும் சேர்த்தே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.)

சொத்துவரி 2022 ஏப்ரலில் உயர்ந்தது. திருச்சி போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை இது என்று மாநில அரசு விளக்கியது. அந்த விளக்கத்தில் உண்மையும் உண்டு. ஆனால் ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் இரண்டு அறை வாடகைக்குக் குடியிருப்பவருக்கு நிதிக்குழு தெரியாது. வரி உரிமையாளருக்கு ஏறுகிறது, வாடகை குடித்தனக்காரருக்கு ஏறுகிறது. வருமானம் இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேலே, சொந்த வீடு இல்லை, சம்பளம் வாங்கும் ஒரே ஆள் இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகிறவர் என்றால், அந்தக் குடும்பத்துக்கு உரிமைத்தொகையும் இல்லை, பேருந்தால் பெரிய பயனும் இல்லை. ஏற்றம் மட்டும் முழுதாக உண்டு. இந்த ஆண்டுகளில் நலம் குறைந்தவர் என்று நான் அடையாளம் காண்பது இவரைத்தான். ஸ்ரீரங்கத்தின் உத்தர, சித்திரை வீதிகளின் பின்கட்டுகளில் இத்தகைய குடும்பங்கள் நிறைய.

பொதுக் கட்டுமானங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2022 நவம்பரில் பழுதுபார்க்க மூடிய காவிரிப் பாலம் 2023 மார்ச்சில் திறந்தது. 2025 மே 9-இல் பஞ்சப்பூரில் 408 கோடி ரூபாய்ச் செலவில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது. நகரத்துக்கு அது தேவைதான். ஆனால் அங்கே வெளியூர்ப் பேருந்து ஏற வேண்டிய ஸ்ரீரங்கத்துக்காரர் இப்போது நகரத்தை முழுக்கக் குறுக்கே கடந்தாக வேண்டும். பெரிய திட்டங்கள் தாமாகவே வீட்டுக் கணக்கில் வரவாக மாறிவிடுவதில்லை என்பதை ஸ்ரீரங்கம் முன்பே அறியும். 2011 முதல் 2014 வரை அது முதலமைச்சர் ஜெயலலிதாவின் தொகுதி. நவலூர்க்குட்டப்பட்டில் தேசிய சட்டப் பள்ளியும், கோயிலில் நாள் முழுவதும் அன்னதானமும் அப்போது வந்தவை.

கடன்பளுவையும் ஒளிக்கக்கூடாது. 2021 ஆகஸ்ட் வெள்ளையறிக்கை குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய்ப் பொதுக்கடன் என்றது. அப்போது 5.70 லட்சம் கோடியை ஒட்டியிருந்த நிலுவை, 2026 மார்ச்சில் 9.29 லட்சம் கோடியைத் தாண்டும் என்று வரவு செலவுத் திட்டம் மதிப்பிட்டது. மாநில உற்பத்தியில் அது 26 விழுக்காட்டை ஒட்டியதே என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

எல்லாக் கணக்கிலும் விடுபட்டுப்போவது அடிமனைப் பிரச்சினை. ஸ்ரீரங்கம் கோயிலின் திருமதில்களுக்குள் தலைமுறை தலைமுறையாக வீடுகட்டி வாழ்பவர்களின் மனைகளைக் கோயிலுக்கு உரியவை என்று நிர்வாகம் கோருகிறது. இதனால் விற்பனைப் பத்திரம் பதிய முடிவதில்லை; மகள் கல்யாணத்துக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்கவும் வழியில்லை. குடியிருப்போர் போராடியிருக்கிறார்கள், திமுக, அதிமுக என்ற இரு கழக ஆட்சிகளும் கேட்டுக்கொண்டன. கோயிலின் உரிமையும் மதிக்க வேண்டியதே. ஆயினும் எது கோயில் நிலம், எது குடியிருப்போர் நிலம் என்று ஆவணங்களை வைத்து, மனை மனையாக விசாரித்து, காலவரையறைக்குள் அறிவிக்கலாம். இதற்குப் பெரும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வருவாய்த் துறையும் அறநிலையத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். அதுவரை, மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் ஸ்ரீரங்கத்துப் பெண் முன்னைவிட நலமாக இருக்கிறார் என்று எழுதுவேன். அவர் குடும்பம் முன்னைவிட நலம் என்று எழுத என் கை ஓடாது.