நடு வகுப்பின் கதை: பிரீமியம் எகானமி எப்படிப் பிறந்தது?



விமான டிக்கெட் தேடினால் இப்போதெல்லாம் எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் "பிரீமியம் எகானமி" என்று ஒன்று வந்து நிற்கிறது. பெயரே கொஞ்சம் வேடிக்கைதான். "உயர்தரச் சிக்கனம்" என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், சிரிப்பு வரும் :-)

இது எகானமி பயணிகள் மேல் இரக்கப்பட்டு யாரோ கண்டுபிடித்த வசதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் கதை வேறு. காமர்ஸ் மாணவர்களுக்கு இதில் நல்ல பாடமும் இருக்கிறது. எனவே இந்தப் பதிவு.

முதலில் 1849-க்குப் போவோம். அப்போது விமானம் ஏது என்கிறீர்களா? ரயில் இருந்ததே! பிரான்சில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரையே கிடையாது. வெயிலும் மழையும் தலையில்தான். ழூல் துபுயி என்ற பொறியாளர், பொருளாதாரமும் எழுதியவர், இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். கூரை போடும் செலவை மிச்சம் பிடிக்க கம்பெனிகள் இப்படிச் செய்யவில்லை. ஏழைகளை வதைப்பதும் நோக்கமில்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான். நம் பாடப் புத்தகத்தில் "விலை பேதம் காட்டுதல்" என்று படிக்கிறோமே, அதன் ஆதி உதாரணங்களில் இது ஒன்று.

இந்தக் கூரையில்லாப் பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி வரும்.

சரி, இப்போது விமானத்தில் ஏறுவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அட்லாண்டிக் கடலைக் கடந்த விமானங்களில் நடைமுறையில் ஒரே வகுப்புதான், அதுவும் பணக்காரர்களுக்கான கட்டணத்தில். 1952 மே மாதம் விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா "டூரிஸ்ட்" வகுப்பை அனுமதித்தது. 1958 ஏப்ரலில் அதைவிட மலிவாக "எகானமி" வந்தது. அன்று கட்டணம் முதல் சாப்பாடு வரை ஐயாட்டா விதிப்படிதான். எகானமியில் சாண்ட்விச் மாதிரி எளிய, சூடில்லாத உணவுதான் தரலாம் என்று விதி.

இங்கேதான் ஒரு கூத்து நடந்தது. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., தங்கள் ஊர் வழக்கப்படி ஒரு துண்டு ரொட்டிமேல் இறைச்சி, மீன், காய் என்று அடுக்கி, அதுவும் சாண்ட்விச்தான் என்று பரிமாறியது. பான் ஆம் உள்ளிட்ட போட்டி நிறுவனங்கள் கொதித்தெழுந்து புகார் செய்தன. பஞ்சாயத்து நடந்து எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு அபராதமே விழுந்தது. சாண்ட்விச்சுக்கு அபராதம்! கீழ் வகுப்பு அளவுக்கு மீறி நன்றாக இருந்துவிடக் கூடாது என்பதில் எவ்வளவு அக்கறை பாருங்கள். கூரையில்லாப் பெட்டி ஆகாயத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த திருப்பம் 1970-களின் கடைசியில். 1977 செப்டம்பரில் பிரெட்டி லேக்கர் தன் "ஸ்கைடிரெய்ன்" சேவையை லண்டனிலிருந்து நியூயார்க்குக்குத் தொடங்கினார். ஒரு வழிக் கட்டணம் 59 பவுண்டு. மற்றவர்களும் தள்ளுபடிக்கு இறங்கினார்கள். 1978 அக்டோபரில் அமெரிக்காவில் உள்நாட்டு விமானக் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டமும் கையெழுத்தானது.

இதில் மாட்டிக்கொண்டவர் யார் என்றால், வேலை நிமித்தம் கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்து எகானமியில் வந்தவர். பக்கத்து சீட்டுக்காரர் அவர் கொடுத்ததில் ஒரு பங்குதான் கொடுத்திருப்பார். அதே சீட்டு, அதே சாப்பாடு. கோபம் வராதா? அவரைச் சமாதானப்படுத்தத்தான் 1978-ல் பான் ஆம் "கிளிப்பர் கிளாஸ்", பிரிட்டிஷ் ஏர்வேஸ் "கிளப்" என்று தனிப் பகுதி ஒதுக்கின. ஆரம்பத்தில் அங்கே கிடைத்தது என்ன? கொஞ்சம் அமைதி, இலவச பானம், முடிந்தால் பக்கத்தில் ஒரு காலி சீட். சீட் என்னவோ பெரும்பாலும் எகானமி சீட்தான்.

கவனித்தீர்களா? பிசினஸ் கிளாஸ் பிறந்தபோது அது கிட்டத்தட்ட இன்றைய பிரீமியம் எகானமிதான்!

பிறகு போட்டியில் பிசினஸ் வகுப்பு வளர ஆரம்பித்தது. சீட் அகலமானது, பின்னால் சாய்ந்தது, கடைசியில் கட்டிலாகவே மாறியது. விலையும் கூடவே ஏறியது. அது காலி செய்துவிட்டுப் போன இடம் நடுவில் வெற்றிடமாகக் கிடந்தது. 1990-களின் தொடக்கத்தில் தைவானின் ஈவா ஏர் அதைப் பிடித்தது. 1992-ல் ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் அட்லாண்டிக் "மிட் கிளாஸ்" என்று வெளிப்படையாகவே பெயர் வைத்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸோ 2000-ல் பிசினஸ் வகுப்பில் முழுக்கப் படுக்கும் கட்டில் போட்டது. அதே ஆண்டில்தான் "வேர்ல்ட் டிராவலர் பிளஸ்" என்ற நடு வகுப்பையும் தொடங்கியது. மாடியை உயர்த்தியதும் நடுவில் ஒரு படி தேவைப்பட்டுவிட்டது!

இனி கணக்குக்கு வருவோம். நெடுந்தூரம் பறக்கும் போயிங் 777-ல் எகானமியில் ஒரு வரிசைக்கு 10 சீட், வரிசைக்கு வரிசை சுமார் 31 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் எகானமியில் வரிசைக்கு 8 சீட், 38 அங்குலம். 31-ஐ 10-ஆல் வகுத்தால் 3.1, 38-ஐ 8-ஆல் வகுத்தால் 4.75. அதாவது ஒரு ஆளுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு இடம். டிக்கெட் இரண்டு மடங்கு விலைக்குப் போனால், அதே தரைப்பரப்பில் கம்பெனிக்கு எகானமியைவிட அதிக வருமானம். இதன் உச்சம் 2018-ல் வந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் அருகிலுள்ள நுவார்க்குக்கு 18 மணி நேரத்துக்கும் மேல் இடைநில்லாமல் பறக்கும் சேவையை மீண்டும் தொடங்கியபோது, அந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி சீட்கள். சாதாரண எகானமி ஒன்றுகூடக் கிடையாது!

குறுந்தூரத்தில் கதை இவ்வளவு சுலபமில்லை. நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாரா, 2015 ஜனவரி 9 அன்று டெல்லி - மும்பை தடத்தில் பறக்க ஆரம்பித்தது. அதன் ஏர்பஸ் ஏ320-ல் 16 பிசினஸ், 36 பிரீமியம் எகானமி, 96 எகானமி, மொத்தம் 148 சீட். இந்திய உள்நாட்டுப் பயணத்துக்கு இந்த நடு வகுப்பு புதிது. ஆனால் ஒல்லியான அந்த விமானத்தில் நடு வகுப்பிலும் வரிசைக்கு 6 சீட்தான். அகலம் கூடாது, கால் நீட்ட சில அங்குலமும் நல்ல சாப்பாடும்தான் லாபம். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அதற்காக எத்தனை பேர் கூடுதலாகக் கொடுப்பார்கள்? பின்னர் விஸ்தாரா 8, 24, 126 என்று மாற்றி மொத்தத்தை 158 ஆக்கியது. பிசினஸ் பாதியானது, நடு வகுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, எகானமி வீங்கியது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது.

கடைசியாக, என்னை உறுத்தும் விஷயம். 1995-ல் போயிங் 777 சேவைக்கு வந்த காலத்தில் பல நிறுவனங்கள் அதன் எகானமியில் வரிசைக்கு 9 சீட்தான் வைத்தன. பிறகு அதே அகலத்துக்குள் 10 சீட்டைத் திணித்தன. விமானம் அகலமாகவில்லை, நம் தோள்பட்டையும் குறுகவில்லை. முன்பு சாதாரண டிக்கெட்டிலேயே இருந்த இடத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, "இடம் வேண்டுமா? பக்கத்து வகுப்பில் இருக்கிறது" என்கிறார்கள்.

நடு வகுப்பு கூடாது என்று நான் சொல்லவில்லை. 16 மணி நேரம் உட்கார வேண்டிய வயதானவருக்கு அந்த ஒன்றரை மடங்கு இடம் பெரிய உதவி. ஆனால் நடு வகுப்பு விற்க வேண்டுமானால் கீழ் வகுப்பு கொஞ்சம் வலித்தாக வேண்டும். துபுயி சொன்னது இதைத்தான். எனவே புதிய வகுப்பு விளம்பரம் பார்க்கும்போது அதில் என்ன சேர்த்தார்கள் என்று மட்டும் பார்க்காமல், கீழே யார் தலைக்கு மேல் கூரையைப் பிரித்தார்கள் என்றும் பாருங்கள்.

உங்கள் கருத்து என்ன? இரண்டு மணி நேரப் பயணத்துக்கு நாலு அங்குலம் கூடுதல் என்றால், எவ்வளவு கொடுப்பீர்கள்?