இறங்குவது குடல் மட்டும்தானா?

தொடையிடுக்கில் வீக்கம் கண்டால் நாம் 'குடலிறக்கம்' என்போம். இங்கே புனேயில் மராத்தியர் 'அந்தர்கள்' என்பார்கள். உள்ளிருப்பது நழுவுதல் என்று பொருள். ஆராய்ந்து பார்த்தால் மராத்திச் சொல்தான் பொருத்தமானது. சிலருக்கு அங்கே நழுவி வருவது சிறுநீர்ப்பை. நூறு பேருக்கு ஒருவர் முதல் நால்வர் வரை இப்படி உண்டு என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள்.

சுசுருத சங்கிதை ஏழு வகை விருத்தி நோய்களைக் கூறுகிறது. அதில் ஆந்திர விருத்தி என்பது குடலிறக்கம். மூத்திர விருத்தி என்றும் ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து அதுவே சிறுநீர்ப்பை இறக்கம் என்று நானும் எண்ணினேன். அது விதையைச் சுற்றி நீர் கோக்கும் நோய் என்பதே பெரும்பாலோர் கருத்து.

பிரான்சில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ழான் மெரி என்ற மருத்துவர் பெயரால் ஓர் அடையாளம் வழங்குகிறது. நோயாளி ஒருமுறை சிறுநீர் கழிப்பார். பிறகு வீக்கத்தைக் கையால் அமுக்கினால் மறுபடியும் வரும். 1951இல் லெவின் என்பவர், விரைப்பை வரை இறங்கும் வகைக்கு 'ஸ்க்ரோட்டல் சிஸ்டோசில்' என்று பெயரிட்டார்.

இந்த அடையாளம் எனக்கே இருந்தது. மூட்டை தூக்கி வந்த சாதாரண ஹெர்னியா என்று நினைத்தேன். அமுக்கினால்தான் சிறுநீர் முழுசாகப் போகிறது என்பதை வெட்கத்தால் டாக்டரிடம் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் என் மனைவிதான் போட்டு உடைத்தாள். உடனே ஸ்கேன் எடுத்தார்கள், விஷயம் தெரிந்தது. தெரியாமல் திறந்திருந்தால் கத்தி பையிலேயே பட்டிருக்கக்கூடும்.

சிறுநீர்ப்பையில் மருந்து நிரப்பி எக்ஸ்ரே எடுத்தும் இதை உறுதி செய்கிறார்கள். பை நல்ல நிலையில் இருந்தால் வெட்டுவதில்லை. உள்ளே தள்ளிச் சுவரைப் பலப்படுத்துகிறார்கள். பிராஸ்டேட் வீக்கம் இருந்தால் அதற்கும் வைத்தியம் வேண்டும். முக்கி முக்கிப் போனால் சுவர் மறுபடி விட்டுக்கொடுக்கும். சுவரைப் பலப்படுத்த உலகெங்கும் செயற்கை வலை வைப்பது வழக்கம். நம் புனேயின் டாக்டர் மோகன் தேசர்டா, வலையே இல்லாமல் நோயாளியின் சொந்தத் தசைநார்ப் பட்டையாலேயே தைக்கும் முறையை 2001இல் வெளியிட்டார். இன்று அது அவர் பெயராலேயே பல நாடுகளில் வழங்குகிறது.

எந்த முறையானாலும் முதலில் நோய் இன்னதென்று தெரிய வேண்டும். அதற்கு ஸ்கேனுக்கு முன்னால் நம் வாய் திறக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் கொஞ்சம் கேட்டு வையுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.