கல்லும் எண்ணும்

முத்துக்குளிப்பு என்றால் நமக்குச் சிப்பிதான் நினைவுக்கு வரும். கல்லை மறந்துவிடுகிறோம். குளிகாரர் வேகமாக ஆழத்துக்குப் போக உதவிய அந்தக் கல்தான் உரிமைக்கும் அளவாக இருந்தது. டச்சுக்காரர் காலத்தில் ஆற்காட்டு நவாபுக்கு இத்தனை, சேதுபதிக்கு இத்தனை, பரதவர் சாதித் தலைவருக்கு இத்தனை என்று வரியில்லாக் கற்கள் ஒதுக்கினார்கள். மற்றவர்கள் வரி கட்டித்தான் இறங்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் கரையில் வேலி போட்டு, சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, ஒன்றுதான் குளித்தவர்களுக்கு.

கணினிக்குள்ளும் இப்படி ஒரு வழக்கு உண்டு. பேரப்பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள், நீங்களாவது கேளுங்கள். 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதியும் உண்டு. ஆனால் அது சொந்தக்காரரின் பெயரை எழுதி வைப்பதில்லை; ஓர் எண்ணைத்தான் வைக்கிறது.

ஒரே கணினி இருந்தவரை இதில் தொல்லையில்லை. 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்.எஃப்.எஸ். முறையை உருவாக்கியது. கோப்புகள் ஓரிடத்தில், அவற்றைக் கேட்கும் கணினிகள் பல இடங்களில். கேட்கும் கணினி சொன்ன எண்ணைச் சேமிப்பகம் அப்படியே நம்பியது. சம்பளப் பிரிவுக் கணினியில் 501 என்பவர் கணக்கர். கிடங்குக் கணினியில் அதே 501 வேறொருவர் என்று வையுங்கள். நம் பென்ஷன் கணக்கு அந்த வேறொருவருக்கும் திறந்துவிடும். எண்கள் பொருந்தாவிட்டாலோ, கணக்கருக்கே கதவு திறக்காது.

எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக்குப் பெயர் ரூட், எண் பூஜ்யம். வலைவழியாகப் பூஜ்யம் வந்து நின்றால், சேமிப்பகம் பெரும்பாலும் அதை ‘நோபடி’, அதாவது யாருமில்லாதவர், என்று மாற்றிவிடும். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் தரவுத்தளம் நிறுவ வந்தவர் அடைவின் சொந்தக்காரரை மாற்றப் பார்த்து, அனுமதியில்லை என்ற பதிலோடு விழித்து நிற்பார்.

எரிச்சலில் சிலர் 777 என்று தட்டி, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுவார்கள். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் அதற்கும் மசியாது: அடைவு ஊருக்கே திறந்திருந்தால் ஓடவே மறுத்துவிடும். இரு பக்கமும் ஒரே எண்ணை வைத்து, சேமிப்பகத்திலேயே போய்ச் சொந்தக்காரரைப் பதிவு செய்த பிறகுதான் வேலை தொடங்கும்.