பினாங்கில் துணியும் நிறப்பெயரும்

மலாய் ஆடவர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். ‘காயின்’ என்றால் துணி. ‘பெலிக்காட்’ என்பதோ சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காடு. அங்கே 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டியிருந்து கீழைத்தீவுகளுக்குத் துணி அனுப்பினர். அவ்வழியே ஊர்ப்பெயர் துணிப்பெயராயிற்று. ஆடையைக் கலிங்கம் என்று சொன்ன சங்கப் புலவர்களைப் படித்தவர்க்கு இது வியப்பன்று.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கைக்கொண்டதும், நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து சூலியா வணிகர் அங்கே கடை விரித்தனர். சூலியா வீதி இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர்கள் காலத்துச் சிவப்பு, சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் விளைந்த சாயவேரிலிருந்து பிறந்தது. படிகாரமும் கடுக்காயும் துணைநிற்க வேண்டும். மண்ணும் நீரும் மாறினால் நிறமும் மாறும். ஆகவே ஒரு துணிக்கு இணையான மற்றொன்றைத் தேடுவது எளிய செயலன்று. விளக்கொளியில் ஒன்றாகத் தோன்றும் இரு துணிகள் வெயிலில் வேறாகிவிடுவதும் உண்டு.

நிறத்தைச் சொல்லால் தெரிவிக்க, கண்ட பொருளையே துணைக்கு அழைத்தனர் நம் முன்னோர்: மாந்தளிர், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, அரக்கு. மயில்கழுத்தோ ஒற்றை நிறமே அன்று. பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாய்க் கலந்து, அசையுந்தோறும் மாறுவது. சாயக்காரர் தனித்து அதனைத் தர இயலாது, நெசவாளரும் வேண்டும். மலாய்க்காரரும் இவ்வழியினரே. இளஞ்சிவப்பு அவர்க்கு ‘மேரா ஜம்பு’, அதாவது ஜம்புப் பழச் சிவப்பு. இளம்பச்சை ‘ஹிஜாவ் பூச்சோக் பீசாங்’, வாழைக் குருத்தின் பச்சை. ‘நீலா’, ‘கெசும்பா’, ‘வர்ணா’ ஆகிய மலாய்ச் சொற்களைத் தமிழ் தந்த கொடை என்று மேடையில் முழங்குவோர் சற்றுப் பொறுக்கலாம்; அவை வடமொழி வழியின. உண்மையைச் சொல்வதால் தமிழுக்குக் குறைவில்லை.

1856இல் இலண்டனில் பெர்க்கின் என்னும் இளைஞர் செயற்கைச் சாயம் கண்டார். 1868இல் செயற்கைச் சிவப்பும், 1897இல் விற்பனைக்கு வந்த செயற்கை அவுரி நீலமும் சாயவேருக்கும் அவுரிக்கும் இருந்த சந்தையைச் சரித்தன. நிறங்களுக்கு எண்ணிட்ட அட்டைகள் வந்தன. எண்ணால் பொருத்துவது எளிதாயிற்று என்பது உண்மையே. ஆயினும் அரக்கு இருந்த இடத்தில் ‘மெரூன்’ வந்து அமர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். அது ஒருவகைக் கொட்டைக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர். அக்கொட்டையைக் காணாத மாணவரும் அந்நிறத்தைத் தயங்காமல் சொல்கின்றனர். அரக்கு என்றால் விழிக்கின்றனர்.

வெட்டிய துணுக்குகளை இணைத்துத் தைக்கும் போர்வையை மலாயில் ‘செலிமுட் பெர்ச்சா’ என்பர். அதைத் தைக்கும் பெண்ணுக்கு அட்டையும் எண்ணும் பயன்படா. பழந்துணுக்கில் எண் ஏது? இரு துண்டுகளையும் வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.