கூடாரத்தில் ரெண்டே பேர்

எங்க ஊரு விருத்தாசலத்துல கேம்ப்புன்னா நாலு அர்த்தம் உண்டு. "தாசில்தார் கேம்ப் போயிருக்கார், திங்கக்கிழமை வாங்க" - இது முதலாவது. கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம் - ரெண்டாவது. காலேஜ் என்.எஸ்.எஸ். பசங்க ஏதாவது ஒரு கிராமத்துல ஒரு வாரம் தங்கி கோயில் குளம் சுத்தம் பண்றது மூணாவது. நாலாவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். 2011 டிசம்பர் 30ல தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டப்போ, கூரை போன ஜனங்க பள்ளிக்கூடத்துல படுத்திருந்தாங்களே, அந்த நிவாரண முகாம்.

இந்த நாலுலயும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் மட்டும், சும்மா சந்தோஷத்துக்காக, ஒரு ராத்திரி வெளியில தங்கறது எங்கயுமே கிடையாது. அதனால நானும் தங்கமணியும் கேம்பிங் போகப்போறோம்னு போன்ல சொன்னதும் அம்மா கேட்ட கேள்வியில தப்பே இல்லை. "காசு குடுத்துட்டுத் தரையில படுக்கப் போறீங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனா பதில் தேடப் போனா அது எங்கெங்கயோ இழுத்துட்டுப் போயிடுச்சு. அதனால இந்தப் பதிவு கேம்பிங் கையேடு பாதி, சரித்திரம் மீதி.

முதல்ல திட்டம் என்னன்னு சொல்லிடறேன். நான் பொட்டி தட்டுற ஊரு ஃப்ளோரிடாவில் இருக்கிற டாம்பா. அங்கேருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினா டிஸ்னி வேர்ல்ட். அந்த தீம் பார்க்குக்குச் சொந்தமாவே ஒரு கேம்பிங் மைதானம் இருக்கு, பேரு ஃபோர்ட் வில்டர்னெஸ். சுமார் 750 ஏக்கர் காடு, டென்ட்டுக்கும் வண்டிக்குமா ஏறக்குறைய 800 இடம். ஒவ்வொரு இடத்துலயும் தண்ணிக் குழாய், கரண்ட், ஒரு மேசை, கரி அடுப்பு. குளிக்கிற இடமும் துணி துவைக்கிற மிஷினும் கொஞ்ச தூரத்துல. ராத்திரி கேம்ப் ஃபயர் போட்டுப் பாட்டுப் பாடுவாங்க. அப்புறம் படகுல ஏறினா நேரா மேஜிக் கிங்டம். காடு மாதிரியும் இருக்கணும், பாத்ரூமும் இருக்கணும்னு நினைக்கிற எங்களை மாதிரி முதல்முறை ஆசாமிகளுக்கு இதைவிட வேற என்ன வேணும் :-)

டிஸ்னி வேர்ல்ட் திறந்தது 1971 அக்டோபர் 1. ஃபோர்ட் வில்டர்னெஸ் அதே வருஷம் நவம்பர் 19. பெரிய ஓட்டல்கள் கட்டின அதே கையோட ஏன் டென்ட் அடிக்கவும் இடம் விட்டாங்க? காரணம் கார். 1956ல அமெரிக்கா நெடுஞ்சாலைச் சட்டம் போட்டு நாடு முழுக்க ரோடு போட ஆரம்பிச்சது. குடும்பம் குடும்பமா வண்டியில கிளம்பினாங்க. 1962ல மொன்டானா மாநிலத்து பில்லிங்ஸ்ல கே.ஓ.ஏ.ன்னு ஒரு கேம்பிங் மைதானம் ஆரம்பிச்சு, அதுவே பிறகு நாடு முழுக்கப் பரவின கிளை வியாபாரம் ஆச்சு. ஓட்டலுக்குக் குடுக்க வசதி இல்லாதவங்களும் வருவாங்கன்னு டிஸ்னிக்குத் தெரிஞ்சிருந்தது.

இதுல எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். இந்தக் கார் கேம்பிங் கூட்டத்தோட முதல் சங்கம் ஆரம்பிச்சதே நான் இருக்கிற டாம்பாவில்தான். 1919ல, டி சோட்டோ பார்க்ல. பேரு 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'. நம்ம பாஷையில சொன்னா தகர டப்பா யாத்ரிகர்கள்!

சரி, நம்ம பக்கம் வருவோம். முகாம், டேரா ரெண்டுமே வெளியேருந்து வந்த சொல். முகாம் அரபி, டேரா இந்தி. நமக்குன்னு இருந்த சொல் பாசறை. பத்துப்பாட்டுல ரொம்பச் சின்னது முல்லைப்பாட்டு, 103 அடிதான், பாடினவர் நப்பூதனார். அதுல காட்டுக்கு நடுவுல போட்ட ஒரு பாசறையோட வர்ணனை வருது. காவல், யானை, விளக்கு, நேரம் பார்த்துச் சொல்ற ஆளுங்கன்னு ஒரு முழு ஊரே அங்க இருக்கு. ராஜா கூடாரத்துக்குள்ள தூக்கம் வராம இருக்கான். ராணி? அரண்மனையில காத்துக்கிட்டு இருக்கா. நம்ம இலக்கியத்தோட பேர்போன கேம்பிங்ல தம்பதி ரெண்டு பேரும் ரெண்டு இடத்துல!

எங்க ஊருக் கதையும் அப்படித்தான். விருத்தாசலத்தோட பழைய பேரு முதுகுன்றம். சுந்தரர் இங்க வந்து பழமலைநாதரைப் பாடி 12,000 பொன் வாங்கினார்னு பெரியபுராணம் சொல்லுது. எதுக்கு? திருவாரூர்ல இருக்கிற பரவையாருக்காக. அவ்வளவு பொன்னைத் தூக்கிட்டு வழியில எப்படிப் போறது? மணிமுத்தாத்துல போட்டுட்டு திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்துக்கோன்னு சாமி சொல்லிடுச்சு. போடறதுக்கு முன்னாடி ஒரு துண்டு மச்சம் வெட்டி வச்சுக்கிட்டார், குளத்துல எடுத்ததும் மாற்று சரியா இருக்கான்னு ஒப்பிட்டுப் பார்க்க. பைல் அனுப்பினதும் செக்சம் சரிபார்க்கிற நம்ம வேலைதான். பொட்டி தட்டுறவங்களுக்குன்னே எழுதின கதை மாதிரி இருக்கு. ஆனா கவனிங்க, முதுகுன்றம் வந்தவர் சுந்தரர். பரவையார் வந்தது கமலாலயக் குளக்கரை வரைக்கும்தான்.

பணமும் படையும் இருந்தவங்க கதை வேற. தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சரபோஜி 1820ல காசிக்குக் கிளம்பி 1822ல திரும்பினார். கூடப் போனவங்க சுமார் 3,000 பேர். நகர்ந்துக்கிட்டே இருக்கிற ஒரு டவுன்தான் அது. அதே சரபோஜிதான் 1802ல ஒரத்தநாட்டுல முத்தம்பாள் சத்திரம் கட்டினவர். முத்தம்பாள் அவருக்குப் பிரியமானவங்க. பிரசவத்துல இறந்துட்டாங்க. தன் பேர்ல ஒரு சத்திரம் வேணும்னு கேட்டுக்கிட்டாங்களாம். ஒரு காதலுக்கு நினைவுச்சின்னமா வழிப்போக்கனுக்குச் சோறும் படுக்க இடமும்! இதைவிட நல்ல நினைவுச்சின்னம் எனக்குத் தோணலை.

ஆனா சத்திரம்னா எல்லாருக்கும் ஒரே திண்ணை இல்லை. 1904ல வீட்டைவிட்டுக் காசிக்குப் போன பெரியாருக்கு, பிராமணர் இல்லைங்கிற காரணத்தால சத்திரத்துல சோறு இல்லைன்னு சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காக்காரன் என்ன ஒழுங்கான்னு பார்த்தா அங்கேயும் இதேதான். கறுப்பினத்தவங்க எந்த ஊர்ல தைரியமாத் தங்கலாம், எங்க சாப்பிடலாம்னு சொல்ல 1936ல 'கிரீன் புக்'னு தனியா ஒரு வழிகாட்டியே போட வேண்டியிருந்தது. வர்ஜீனியாவுல ஷெனன்டோவா தேசியப் பூங்காவுல, 1939ல லூயிஸ் மவுண்டன்னு கறுப்பினத்தவங்களுக்குன்னே தனி கேம்பிங் மைதானம் திறந்தாங்க. பிரிவினை முழுசாப் போனது 1950ல. நட்சத்திரம் எல்லாருக்கும் பொது. அதுக்குக் கீழ படுக்கிற இடம் மட்டும் பொது இல்லை.

எங்க ஆயா காலத்துல ஊரைவிட்டு வெளியில படுக்கிறதுன்னா மாசி மகம்தான். கூண்டு வண்டி கட்டிக்கிட்டு, கட்டுச்சோறு மூட்டையோட வந்து, மணிமுத்தாத்து மணல்ல ராத்தங்கல். ஒரு வண்டிக்கு எட்டு பேர். ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க புள்ளைங்களோட இன்னொரு பக்கம். "நீயும் தாத்தாவும் மட்டும் எங்கயாவது போயிருக்கீங்களா ஆயா?"ன்னு ஒருதடவை கேட்டேன். "போனோமே, கடலூர் ஆஸ்பத்திரிக்கு"ன்னு சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அடுத்த தலைமுறைக்கும் பெரிய மாற்றம் இல்லை. அப்பா செராமிக் தொழிற்பேட்டையில சூளை வேலை பார்த்தவர். எங்க ஊரு அகல் விளக்கு, பொம்மை, ஃப்யூஸ் கேரியர்னு எதை எடுத்தாலும் கடைசியில சூளைக்குள்ள போய்த்தான் ஆகணும். பத்த வச்ச சூளையைப் பாதியில விட்டுட்டு வர முடியாது. வெந்ததுக்கு அப்புறமும் மெதுவா ஆற விடணும், அவசரப்பட்டுத் திறந்தா அத்தனையும் விரிசல். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட், அம்மாவுக்கு நாங்க. விருத்தாசலம் ஜங்ஷன்லேருந்து நாலு திசைக்கும் ரயில் போகுது. அவங்க ரெண்டு பேர் மட்டும் ஏறின ரயில் ஒண்ணு கூடக் கிடையாது.

இதெல்லாம் வசதி, வேலை, வழக்கம்னு சொல்லிக் கடந்துடலாம். அப்படிக் கடக்க முடியாத ஒண்ணும் எங்க ஊர்ப் பக்கத்துலயே இருக்கு.

2003. விருத்தாசலத்தை ஒட்டின புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர். மே மாசம் யாருக்கும் தெரியாமப் பதிவுத் திருமணம் பண்ணிக்கிட்டாங்க. கல்யாணம் முடிஞ்சும் ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாங்க. பிறகு கண்ணகியை மூங்கில்துறைப்பட்டுல ஒரு உறவினர் வீட்டுல தங்க வச்சார் முருகேசன். ஜூலை 8ஆம் தேதி ரெண்டு பேருக்கும் விஷம் குடுத்துக் கொன்னு எரிச்சாங்க. கண்ணகியைப் பெத்த அப்பாவும் கூடப் பிறந்தவரும் உறவுக்காரங்களும் சேர்ந்து செஞ்ச காரியம். தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆச்சு. கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளின்னு சொன்னது, அதுல போலீஸ்காரங்களும் உண்டு. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செஞ்சது.

அந்தத் தேதிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மே, ஜூன், ஜூலை. சட்டப்படி புருஷன் பொண்டாட்டியா இருந்த ரெண்டு பேருக்கு, அந்த ரெண்டு மாசத்துல, சேர்ந்து பயமில்லாம ஒரு ராத்திரி தூங்க எங்க ஊரைச் சுத்தி ஒரு கூரை இல்லை. அவரும் என்னை மாதிரி என்ஜினியரிங் முடிச்சவர்தான். இந்தக் கதைக்கு முன்னாடி "காசு குடுத்துத் தரையில படுக்கணுமா"ங்கிற கேள்வியே வேற மாதிரி கேட்குது.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமா நகருது. 2019 டிசம்பர்ல, கோயம்புத்தூர்ல ஒரு விடுதியைப் பூட்டி சீல் வச்ச வழக்குல, கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில தங்கறது குற்றம் இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் சொல்லியாச்சு, லாட்ஜ் ரிசப்ஷன்ல உக்காந்திருக்கிறவரோட பார்வை இன்னும் அந்தத் தீர்ப்பைப் படிக்கலை.

கேம்பிங் பத்தி இப்போ எனக்குத் தோணறது இதுதான். அதுக்கு முதல்ல வேண்டியது டென்ட்டும் இல்லை, தூங்கற பையும் இல்லை. ராத்திரி யாரும் வந்து "யார் நீங்க, என்ன உறவு, என்ன ஜாதி"ன்னு துணியைத் தட்டிக் கேட்க மாட்டாங்கங்கிற நம்பிக்கை. அது இருந்தா ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்லாத துணிச் சுவரே போதும். அது இல்லைன்னா கான்கிரீட் வீடும் போதாது.

சரி, கையேடு பாதியையும் முடிச்சிடறேன். நாங்க இதுவரைக்கும் பேசி முடிவு பண்ணினது:

காலம் பிப்ரவரி. கோடையில இங்க சாயங்காலம் ஆனா இடி மழை, ஜூன்லேருந்து நவம்பர் வரைக்கும் புயல் சீசன். தானே பார்த்தவனுக்கு அந்த ஆசை எல்லாம் இல்லை. ஆனா பிப்ரவரி ராத்திரி நல்லாவே குளிரும், கம்பளி அவசியம்.

டென்ட் நாலு பேர் படுக்கிறதா வாங்கணும். 'ரெண்டு பேருக்கு'ன்னு போட்டிருந்தா பெட்டி, பை எதுவும் இல்லாம ரெண்டு உடம்புக்கு மட்டும்னு அர்த்தம். வாங்கினதும் ஹால்ல ஒருதடவை அடிச்சுப் பழகணும். முதல்தடவையே இருட்டுல அடிச்சா கூடாரம் நிக்கும், குடும்பம் நிக்காது.

சாப்பாடு, முதல் ராத்திரிக்குக் கட்டுச்சோறு. புளிசாதம், உருளைக்கிழங்கு. கரி அடுப்பு வீரம் எல்லாம் ரெண்டாம் நாள். மிச்சம் மீதியை வெளியில வைக்கக்கூடாது, ரக்கூன் வந்துடும். இருட்டினதும் ஏரி ஓரம் போகக்கூடாது. ஃப்ளோரிடா ஏரின்னா முதலை இருக்கும்னு வச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

டீ குடிக்க எங்க ஊரு பீங்கான் கப் ரெண்டு. கேம்பிங்குக்கு யாராவது பீங்கான் எடுத்துட்டுப் போவாங்களான்னு தங்கமணி கேட்டாச்சு. துணியில சுத்தி எடுத்துட்டுப் போறதா முடிவு.

ரெண்டு ராத்திரிக்கு இடம் பார்த்தாச்சு. பதிவு பண்ற பக்கத்துல எத்தனை பேர்னு மட்டும்தான் கேட்டாங்க. ரெண்டுன்னு போட்டேன். வேற ஒண்ணும் கேட்கலை.

உங்க வீட்டுல, கோயிலுக்கும் இல்லாம, ஆஸ்பத்திரிக்கும் இல்லாம, கல்யாண வீட்டுக்கும் இல்லாம, ரெண்டே பேராக் கிளம்பின முதல் ஜோடி யாரு? எந்த வருஷம், எந்த ஊரு? வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. இந்தச் சரித்திரத்தை எந்தக் கல்வெட்டுலயும் வெட்டி வைக்கலை, நாமதான் எழுதணும்.