பௌபஜார் வீடுகளும் நம் சுவர் விரிசல்களும்

போன பொதுக்குழுவில் அதிக நேரம் பேசப்பட்டது தண்ணீர்க் கட்டணமோ பார்க்கிங்கோ அல்ல, மெட்ரோ சுரங்க வேலைதான். "இரவில் தரை லேசாக அதிருகிறது", "பூஜையறைச் சுவரில் புதிதாக ஒரு கோடு" என்று பலர் சொன்னார்கள். "பழைய கட்டடம் என்றால் விரிசல் இருக்கத்தான் செய்யும்" என்றார் ஒருவர். இரண்டு தரப்பும் கொல்கத்தாவின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில்தான் ஓடியது. அதன் பெரும்பகுதி, சாலையைத் திறந்து பள்ளம் வெட்டி மூடிய வேலை. மக்கள் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டாலும், வேலை கண்ணெதிரே நடந்தது. பின்னர் வந்த கிழக்கு மேற்கு மெட்ரோ ஆழத்தில் இயந்திரம் துளைத்துச் செல்லும் பாதை. 2017-இல் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுமார் 520 மீட்டர் சுரங்கம் பத்திரமாக முடிந்தது. ஆற்றையே கடந்தாயிற்று, இனி என்ன என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

வில்லங்கம் தெருவுக்கு அடியில் காத்திருந்தது. முதல் திட்டத்தில் பாதை சென்ட்ரல் வழியாகப் போவதாக இருந்தது. பிறகு எஸ்பிளனேட் வழியாக மாற்றினார்கள். அந்தப் பாதை, நகைத் தொழிலாளர்கள் நிறைந்த பௌபஜாரின் பழைய, நெருக்கமான வீடுகளுக்கு அடியில் சென்றது. 2019 ஆகஸ்ட் 31 அன்று 'சண்டி' என்ற இயந்திரம் நிலத்தடி நீர் தேங்கிய மணல் அடுக்கில் மோதியது. தண்ணீரும் வண்டலும் சுரங்கத்துக்குள் பாய, மேலே மண் கீழிறங்கியது. துர்கா பிதுரி லேன், சியாக்ராபாரா லேன் வீடுகள் பிளந்தன. சில இடிந்தே விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் ஹோட்டல் அறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். சண்டி மண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. பக்கத்துச் சுரங்கத்தை முடித்த 'ஊர்வி' திரும்பி வந்துதான் மீதியைத் தோண்டியது.

அத்துடன் முடியவில்லை. 2022 மே மாதம் அதே பகுதியில் நீர்க்கசிவு, மறுபடியும் விரிசல்கள். அக்டோபரில் இரு சுரங்கங்களை இணைக்கும் குறுக்கு வழி வேலையின்போது மதன் தத்தா லேனில் மீண்டும். துளைக்கும் இயந்திரம் கடந்து போய்விட்டால் ஆபத்து முடிந்தது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டும். எஸ்பிளனேட் சியால்தா பகுதி ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த வினை அல்ல. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று மெட்ரோ பள்ளத்துக்கு அருகே இருந்த நகர ஆவணக் காப்பகம் சரிந்தது. பக்கத்து வீடுகளில் இருவர் இறந்தார்கள். அங்கே பள்ளத்தின் தடுப்புச் சுவர்தான் கோளாறு.

நம் இடத்துக்கு வருவோம். பூச்சு சுருங்கியதால் வரும் மயிரிழைக் கோடுகள் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்காக நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் கோடு, நாளுக்கு நாள் அகலமாவது, நேற்றுவரை மூடிய கதவு இன்று இடிப்பது ஆகியவைதான் மண் இறங்குவதன் அடையாளங்கள். நஷ்டஈடு என்று வரும்போது கேட்கப்படும் முதல் கேள்வி, "வேலைக்கு முன்பே இந்த விரிசல் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதே. என் வீட்டில் அதற்கு ஒரு போட்டோகூட இல்லை. இரண்டு வருடம் முன்பு வெள்ளையடித்தபோது எடுத்திருக்கலாம், தோன்றவில்லை.

ஆகவே ஒவ்வொரு அறையையும் இப்போதே படம் எடுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேலும் அன்றைய நாளிதழும் தெரியட்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் தேதி போடுங்கள். வேலைக்கு முந்தைய கட்டட நிலை ஆய்வின் நகல் சங்கத்துக்கு வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்கத் தீர்மானித்துள்ளோம். அந்தக் கடிதம் செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. இதுவரை கையெழுத்துப் போடாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள்.